கதிரவெளிக்குப் போன சங்கம்

மட்டக்களப்பு
சித்திரை, 1942

அன்புள்ள ஜீன்,

லயனல் உயிரோடு இருக்கிறான். நம் வீட்டில், என் கட்டிலில் தூங்குகிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்ததும் எங்கள் பழைய படைவீரர் சங்கம் கூடியது. போன மகாயுத்தத்திலிருந்து திரும்பிய நாங்கள், செத்துப்போகும் தோழர்களை மரியாதையாக அடக்கம் பண்ணத்தான் அதைத் தொடங்கினோம். பிறகு வெள்ளத்துக்குத் தோணி விட்டோம்; மலேரியாவுக்குக் கொயினா கொடுத்தோம். "குடிக்கிறதுக்கு ஒரு சங்கம்" என்று நீ சொல்வாய். இந்தமுறை வண்டில்களில் அரிசி ஏற்றிக் கதிரவெளிக்குப் போய், துறைமுகத்திலிருந்து ஓடிவந்த சனங்களுக்குக் கஞ்சி காய்ச்சினோம். வார்க்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நம் மகனும் அந்தத் துறைமுகத்தில்தான் வேலை செய்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

லயனலைக் கண்டுபிடித்தது எங்கள் சங்கத்து யூஸ்டஸ். சனங்கள் வந்த ஒரு வண்டிலில், வைக்கோலின் மேல் கிடந்தான்.

"என்னைப் பாக்காதீங்க பப்பா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தும் அவன் பேசவில்லை. பிரான்சில் ஒரு கையை இழந்த யூஸ்டஸ் தினமும் வந்து பக்கத்தில் இருக்கிறான். நேற்றுக் கஞ்சிக் கோப்பையைத் தூக்கித் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டான்.

"இத்தனை வருசமாப் பழகுறன் மனே, இன்னும் சரிவரல்ல."

லயனல் சிரித்துவிட்டான். நான் குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று அழுதேன்.

அவன் உனக்கு எழுத ஆசைப்பட்டான். கொஞ்சக் காலம் நானே எழுதுகிறேன்.

சுகமில்லாத உன் அக்காவை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, கொழும்பிலிருந்து ரயில் கோச்சி ஏறி உடனே வா. அவனைக் கண்டு நீ அழுதாலும் பரவாயில்லை. வலது கையை மட்டும் தேடாதே. இடது கையைப் பிடித்துக்கொள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
கணவன்