தொப்பியிலிருந்து வந்த பெயர்

சஸ்காச்சுவான்,
அக்டோபர் 14

அன்பு மகள் ஜஸ்டினாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், மொன்டானாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் சபைக் குடியிருப்பு ஆள் பெருகி இரண்டாகப் பிரிந்துவிட்டது. எந்தப் பாதி போவது என்று தெரியாததால் நூற்று ஐம்பது பேரும் மூட்டை கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தோம், புது இடத்துக்குப் போகும் சீட்டு நம் பாதிக்கு விழுந்தது, அன்றைக்கே லாரி ஏறிவிட்டோம். இங்கே தண்ணீர் கொஞ்சம் கரிக்கிறது, பழகிவிடும்.

இனிமேல்தான் பெரிய சேதி. புதுக் குடியிருப்புக்குப் போதகர் வேண்டுமே, ஆண்கள் வாக்குப் போட்டார்கள். அந்திரேயாஸ் டெக்கருக்குத்தான் ஏகப்பட்ட வாக்கு, அவரும் எதிர்பார்த்துத்தான் இருந்தார். உன் அப்பாவுக்கு ஆறே ஆறு. ஆனால் ஐந்துக்கு மேல் வாங்கியவர்கள் பெயரையெல்லாம் தொப்பியில் போட்டு, கடவுள் சித்தம் என்று ஒன்றை எடுக்க வேண்டுமே, வந்திருந்த மூத்த போதகர் எடுத்துப் படித்தால், ஏலியாஸ்! அப்பா எழுந்து நேரே தான் பார்த்துக்கொள்ளும் பன்றிக்கொட்டகைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். "க-கதரீனா, எனக்குப் பன்றிங்ககிட்டயே பேச்சு திக்குதே, நான் எங்க பிரசங்கம் பண்றது" என்றார். "பன்றிங்களா உங்களுக்கு வாக்குப் போட்டுச்சு, மனுஷங்கதானே போட்டாங்க, முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை. பழைய பிரசங்கப் புத்தகத்தை விரித்து வாசித்தவர் மூன்றாம் வரியில் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டார். வரவேயில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, பின்பெஞ்சுப் பையன் ஒருவன் "இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு சாயங்காலந்தான்" என்றது பெண்கள் பக்கம்வரை கேட்டது. அப்போது அந்திரேயாஸ் எழுந்தார். புத்தகத்தை வாங்கிக்கொள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "யாருக்குடா இங்க அவசரம்? பேசறதுக்கு அவரைக் கடவுள் எடுத்திருக்கார், நமக்கு உக்காந்து கேக்கற வேலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பா முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். ஒரு மணி நேரப் பிரசங்கம் இரண்டே கால் மணி நேரம் ஆனது, சமையலறையில் வாத்து சூப் ஆறிப்போனது, ஒருத்தர்கூட அசையவில்லை. மறுநாள் காலை அப்பாவே அந்திரேயாஸ் வீட்டுக்குப் போய், குடியிருப்பின் நிர்வாகத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார், அவரும் சரியென்றார். இந்த இடம் நிலைத்து நிற்கும், எனக்குச் சந்தேகமே இல்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். குளிர் வருகிறது, காலுறை போடாமல் நடக்காதே. உன் பிள்ளை பேசும்போது திக்குகிறான், நாங்களே சொல்லி முடித்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் ஜஸ்டினா. எவ்வளவு நேரமானாலும் அவனே சொல்லி முடிக்கட்டும்.

உன் அம்மா,
கதரீனா