மலிவு பிரேக்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து மூடாக்கு. மழை மட்டும் இல்லை. புழுக்கத்தில் முழங்கைக் கட்டு ஒட்டுகிறது. ஆபீசுக்கு லீவு.

நேற்று பச்சைமலை. வேனில் சைக்கிளை மேலே ஏற்றிக்கொண்டு போய் மண் பாதையில் இறங்குவது, வழக்கம்போல். ஆபீஸ் ரஃபி பின்னால். முதல் இரண்டு வளைவிலேயே பிரேக் சோம்பல். குளிர், சூடானால் பிடிக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது பெரிய வளைவு. இரண்டு லிவரையும் பலம் கொண்ட மட்டும் அமுக்குகிறேன். லிவர் கல் மாதிரி இருக்கிறது, சக்கரம் நிற்கவில்லை. கீச்சென்று கத்தல். எதையோ வறுக்கிற வாசனை வேறு. எதிரே சரிவு. உண்ணிப் புதரைப் பார்த்து நானே வண்டியை விட்டேன். புதர் இல்லாவிட்டால் இதை எழுத ஆள் இல்லை.

அப்பா கதவைத் திறந்தார். கட்டைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "மலிவா வாங்கினா உயிரும் மலிவாப் போயிடும்டி. வித்துடு."

மலிவாம். மூன்று மாதம் படித்துப் படித்து வாங்கிய பிரேக். பழைய கம்பி பிரேக்கில் பாதி மலை இறங்குவதற்குள் விரல் மரத்துவிடும். ஹைட்ராலிக் என்றால் கம்பிக்குப் பதில் குழாய், உள்ளே எண்ணெய், இரண்டு விரல் போதும்; சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டை இரு பக்கமும் பேட் இறுக்கிப் பிடிக்கும். என் சம்பளத்துக்கு வரக்கூடியதில் நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதுதான் எரிகிறது.

நவம்பர் கடைசியில் ஊட்டிப் பக்கம் போட்டி. பெண்கள் பிரிவு. பெயர் கொடுத்தாச்சு. அப்பாவின் தீர்ப்பும் ஆச்சு: இன்னொரு தரம் இப்படி வந்து நின்றால் சைக்கிள் இந்த ஆத்தில் இருக்காது.

டி.டி. ஊசி போட்டாச்சு. மாடி பல்பு வாங்கணும். வாசல் கேட் கத்துகிறது. அப்பா எண்ணெய்ப் பாட்டிலோடு கிளம்பிவிட்டார். பூட்டு, தையல் மெஷின், ஸ்கூட்டர், இரும்பு எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது.

அக். 7, செவ்வாய்

வெயில். பிரேக் விற்றவனுக்கு ஒற்றை ஸ்டார். "கொலைகாரப் பிரேக்" என்று தலைப்பு. கொஞ்சம் நிம்மதி.

வேறு பிரேக் தேடல். பார்த்தவை:
– நாலு பிஸ்டன் புது செட். நல்லா பிடிக்குமாம். பட்ஜெட்டைத் தாண்டுகிறது.
– பெங்களூரில் செகண்ட் ஹேண்ட். குழாய் இடது கைக்கு முன் பிரேக் என்று வெட்டியது. எனக்கு வலது. மாற்றி, எண்ணெய் இறக்கி, குழாயில் புகுந்த காற்றை எடுக்கணும்.
– இதே பிரேக்கை வைத்துக்கொண்டு பெரிய டிஸ்க் மட்டும் போடுவது. நம்பிக்கை இல்லை.

வீடியோ போடுகிறவர்களைக் கட்டி வைத்து அடிக்கணும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரெண்டு ரவுண்டு அடித்துவிட்டு மலைக்கு அருமை என்கிறான் ஒருத்தன்.

சாயந்திரம் டவுனில் ஒரு கடை. நாலு பிஸ்டன் இருக்கிறதா என்று கேட்டேன். தம்பிக்கா என்றார். எனக்கு என்றேன். லேடீஸுக்கு எதுக்குங்க அவ்வளவு, முன்னாடி கூடை வைச்சுத் தரட்டுமா என்றார். வந்துவிட்டேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் அங்கே நின்று மனசுக்குள் சொன்னேன்.

வீட்டில் எதிர்வீட்டு மாமாவிடம் அப்பா: "பிரேக் மலிவு, ஓய். அதான்." இன்றைக்கு எத்தனையாவது ஆளோ.

அக். 8, புதன்

விற்றவனிடமிருந்து பதில். லிவர் கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம், கழற்றிப் பாருங்கள் மேடம். மேடமாம். தன் சரக்கு மட்டம், தப்பு மட்டும் என் தலையில். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க் மேல் துணி போர்த்துகிறவள் நான். காரசாரமாக ஒரு பதில் போட்டேன்.

ரஃபியிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொல்கிறார். "கோதை, கோவப்படாதீங்க. லிவர் நல்லாத்தானே இருந்துச்சு? ஒரு தடவை கழட்டிப் பாத்துருங்க." அவரோடும் பேசவில்லை.

அக். 9, வியாழன்

கழற்றினேன்.

பேட் எல்லாம் கறுத்துப் பளபளவென்று. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய். காந்திப்போன தேங்காய் எண்ணெய். மலையில் வந்த அதே வாசனை. பேடின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ. சந்தனம்.

ஃபோனைத் திறந்தேன். போன வாரம் புதன், ஆயுத பூஜை அன்று நானே எடுத்த படம். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் என் சைக்கிள். ஹேண்டிலில் மாலை. டிஸ்க் கண்ணாடியாக மின்னுகிறது, அதன் மேல் வரிசையாகச் சந்தனப் பொட்டு, குங்குமம்.

இரண்டு வருஷமாக அப்பா அந்தச் சைக்கிளை அது என்றுதான் சொல்வார். அதை ஓரமா வை. அதைத் துடை. இந்த வருஷம்தான் அவராகவே பூஜையில் வைத்தார், என்னிடம்கூடச் சொல்லாமல். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. படத்தை ரஃபிக்கு அனுப்பினேன், அப்பா மனசு மாறிட்டார் என்று. நாங்கள் இரண்டு பேரும் அந்த டிஸ்க்கைப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

இப்போது யார் மேல் கோபப்படுவது? விற்றவனிடம் மன்னிப்புக் கேட்டு, ஸ்டாரை மாற்றி எழுதினேன். கை கூசியது.

அக். 10, வெள்ளி

தூறல். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பேடைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அப்பா தாயார் சன்னதிக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்கிறார்: "மலிவு பிரேக்தான். ஆனா பூஜையில வெச்சேனோ இல்லையோ, அதான் கொழந்தை கையும் காலுமா வந்து சேர்ந்தா. நானே என் கையால தொடைச்சு வெச்சேன்."

அம்மா அதற்குக் கண்ணை மூடிக் கும்பிடுகிறாள்.

எனக்குச் சிரிப்பா, கத்தலா, எது வந்ததென்று தெரியவில்லை. காகிதத்தோடு திரும்பி வந்து கதவை அறைந்து சாத்தினேன். என்னடி கோபம் என்று அம்மா வெளியிலிருந்து கேட்டாள்.

அக். 11, சனி

புது பிரேக் வேண்டாம். இருக்கிறதே போதும். எண்ணெய் குடித்த பேட் மட்டும் குப்பைக்கு. ரஃபியிடம் இதற்குப் பொருந்தும் மெட்டல் பேட் இரண்டு சக்கரத்துக்கும் இருந்தது, நேரில் போய் வாங்கினேன். கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடு தாங்கும். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் சொல்லிடுங்க, அடுத்த வருஷமும் பூஜை வரும் என்றார்.

மெடிக்கலில் ஸ்பிரிட். டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்து, துணியில் கறை வராமல் போகும் வரை. பேட் மாட்டியாச்சு. நாளைக் காலை கொள்ளிடக் கரை ரோட்டில் பழக்கணும்: வேகம் எடுத்து, பிடித்து, விட்டு, மறுபடி.

மாடி பல்பு இன்னும் வாங்கவில்லை.

அக். 12, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பலாம் என்று கீழே வந்தேன். அப்பா சைக்கிள் பக்கத்தில் குந்தியிருக்கிறார். ஒரு கையில் பழைய பனியன் துணி, ஒரு கையில் பாட்டில். பாட்டிலைத் துணியில் சாய்த்தும் விட்டார்.

"தொடாதீங்கோப்பா."

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அவர் பயந்து, வெளியில போற வண்டியாச்சே, ஒரு தரம் தொடைக்கலாம்னு, என்று இழுத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பிரேக் மலிவு இல்லைப்பா. அதுல எண்ணெய் போட்டது நீங்க." எல்லாவற்றையும் சொன்னேன். பேட், வாசனை, படம், எல்லாம். நின்று கொண்டே சொன்னேன். அவர் குந்தியபடியே கேட்டார்.

டிஸ்க்கைப் பார்த்தார். பிறகு என் முழங்கையை.

"அந்த வளைவுல... என்னாலயா?"

சமையலறை வாசலிலிருந்து அம்மா எனக்குத் தலையாட்டுகிறாள், இல்லேன்னு சொல்லு என்று. சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாகத் தெருவெல்லாம் அவர் மலிவு மலிவு என்றது காதிலேயே நின்றது.

ஆமாம்ப்பா என்றேன்.

பாட்டிலை மூடப் பார்த்தார். மூடி மறை ஏறவில்லை. அம்மா வந்து வாங்கி மூடினாள். நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கொள்ளிடக் கரையில் காற்று. தண்ணீர் பரவாயில்லை. பேட் பழகிவிட்டது. இரண்டு விரலில் வண்டி நிற்கிறது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, முதலிலிருந்தே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வழியெல்லாம் அவரோடுதான் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து கேட்டைத் தள்ளினேன். மழையில் மறுபடி துருப் பிடித்துக் கத்தியது. அப்பா உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கேட் கத்தறது. இதுக்குப் போடலாமாடி?"

நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறார் மனிதர்.