காற்றுக்குத் திரும்பாத பலகை

ஸ்ட்ரெதம், லண்டன்
16 யூன் 2004

அன்புள்ள கீர்த்திகா அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் பிரியந்தனிடம் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: இப்படிக் கட்ட எங்கே பழகினீர்கள்? தொலைபேசியில் உங்களிடமும் சொல்லவில்லை. நல்லாயிருந்தது என்று மட்டும் சொன்னேன்.

ஆவணியில் எங்கள் கலியாணம், அதற்கு முன் ஒரு நாளாவது பிளேஸ்டோவிலுள்ள உங்கள் கடையைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டது நான்தான். தேம்ஸ் கரைக்கு இறங்கும் பழைய தெரு ஒன்றின் வரலாற்றை நடந்துகொண்டே சொல்லும் சுற்றுலா அது. "கலியாணத்துக்கு முதலே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறீர்" என்று பஸ்ஸில் பகிடி பண்ணினார். எனக்குப் பிடித்த மனிதர், அக்கா. அதை இன்றைக்கும் மறைக்கமாட்டேன்.

பிளேக், பெருந்தீ, குண்டுவீச்சு எல்லாம் கண்ட தெரு. இப்போது முழுக்கக் கோப்பிக் கடைகள். எடையில் ஏமாற்றிய பாண் பேக்கரிக்காரர்களை இங்கேதான் கம்பத்தில் நிறுத்தி, குற்றத்தை எழுதிக் கழுத்தில் தொங்கவிடுவார்கள் என்றார் வழிகாட்டி. சொல்லிவிட்டு, கூட வந்த ஒரு பருத்த அமெரிக்கரை விளக்குக் கம்பத்தோடு நிறுத்தி, எழுதிய மட்டைப் பலகை ஒன்றைக் கழுத்தில் மாட்டினார். ஆற்றுக் காற்றில் அது திரும்பித் திரும்பி வெறும் பக்கத்தையே காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள்.

பிரியந்தன் முன்னால் போனார். பலகையின் கயிற்றை அந்த ஆளின் இரண்டு கக்கத்துக்குள்ளாலும் எடுத்து, முதுகில் குறுக்கே மாற்றி, கம்பத்துக்குப் பின்னால் முடிந்தார். பலகை அசையவில்லை. "இப்பிடிக் கட்டினாத்தான் காத்துக்குத் திரும்பாது. தூர நிண்டும் வாசிக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உங்களுக்கு இது பழக்கம்போல என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் பகிடி விட்டார். கூட்டம் கைதட்டியது. பிரியந்தனும் சிரித்தார். பிறகு கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டவர், கடைசிவரை வெளியே எடுக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதில், ஊரில் பள்ளிக்குப் போகும் வழியில், சந்தி லைட் கம்பத்தடியில் என் கண்ணைப் பொத்தினீர்களே, நினைவிருக்கிறதா? உங்கள் விரல் இடுக்கால் நான் பார்த்தேன். இயக்கம் சுட்டுக் கம்பத்தில் கட்டியிருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்தேன். கக்கத்துக்குள்ளால் வந்து, முதுகில் குறுக்கே மாறி, கம்பத்துக்குப் பின்னால் முடிச்சு. அன்றைக்கும் நல்ல காற்று.

ஒருவேளை அவரும் என்னைப்போல் பார்த்திருக்கலாம். ஆனால் பார்த்தவனுடைய கை இப்படித் தடுமாறாமல் முடிச்சுப் போடுமா என்றே மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அன்றைக்கு அவர் கழுத்தில் தொங்கிய பலகையை நீங்கள் வாசித்தீர்கள். என்ன எழுதியிருந்தது என்று இதுவரை எனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்லுங்கள், அக்கா. அப்பாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் எந்தக் குறையுமில்லாமல் இருங்கள்.

உங்கள் தங்கை,
மயூரா

வெள்ளிக்கிழமை:

உறையை ஒட்டுமுன் கடைக்குப் போய் அவரிடமே கேட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. "எழுதினது வேற ஆள். சுட்டது வேற ஆள். எனக்குப் பதினேழு வயசு. கட்டச் சொன்னாங்கள், கட்டினனான்" என்றார். எத்தனை பேரை என்று கேட்டேன். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். அவர் போட்டுவிட்ட மோதிரத்தைக் கழற்றிக் கல்லா மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.