வாகனம் என்று சொன்ன சொல்

மார்ச், ஞாயிறு இரவு

ஃபெமியை நான் கட்டப்போவது வீட்டில் தெரியாது. அவனுடைய தாயோடு பேசுவதற்காக அவர்களின் நைஜீரிய மொழியான யொருபா படிக்கிறேன். 'ஒக்கோ' என்று சமமாகச் சொன்னால் கணவன். கடைசியில் குரலை இறக்கினால் வாகனம். எழுத்தில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம்.

இன்று குசினியில் சமைக்கும்போது நான் 'ஒக்கோ' என்று முணுமுணுத்தது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"உது என்ன பிள்ளை?"

"வாகனம், அம்மா. வேலையில ஒரு சிநேகிதி சொல்லித்தந்தவ."

இடியப்ப உரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வாகனத்துக்கு ஆரும் வெக்கப்படுறவையோ?"

ஹோலில் அப்பா இருந்தார். அம்மா குரலை இறக்கினார்.

"அப்பா கேட்டாலும் வாகனம் எண்டே சொல்லு."

அது சம்மதமா, தடையா? கேட்கப் பயமாக இருந்தது. சாப்பிடும்போது அப்பா சொதி கேட்டார். ஒரே களவைச் செய்தவர்கள் போல அம்மாவும் நானும் ஒன்றாக எழுந்தோம்.