காந்தக்காரருக்குக் கருணை மதிப்பெண்

மார்ச் 3
ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டேன். நாற்காலியில் சாய வைத்து, தலையின் இடது முன்பக்கம் ஒரு காந்தச் சுருளைப் பொருத்துகிறார்கள். கடுமையான மனச்சோர்வில் அந்தப் பகுதி மூளை மந்தமாகிவிடுமாம். துடிப்பு கொடுத்து எழுப்பப் பார்க்கிறார்கள். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை, மேசையில் டஸ்டரைத் தட்டி எழுப்புவது போல. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் செய்ததுதான். எனக்கு யாரும் ஆராய்ச்சி நிதி தரவில்லை.

பாதிப் பேருக்குச் சுருள் நிஜம். மீதிப் பேருக்குச் சத்தம் மட்டும். ஒரு தொட்டிக்குத் தண்ணீர், இன்னொன்றுக்குக் காலிக் குடம் — வகுப்பில் எத்தனை தடவை செய்து காட்டியிருப்பேன்! எது எதற்கு என்று செடிக்குத் தெரியக் கூடாது. இப்போது நான் செடி.

மார்ச் 7
நாத்தனார் போன். "அண்ணி, காலையில வாக்கிங் போங்க, எல்லாம் பறந்துடும்." பாவம் ஆராய்ச்சிக்காரர்கள், இவளைக் கேட்காமல் காந்தம் வாங்கிவிட்டார்கள்.

மார்ச் 8
எழுந்தேன். படுத்தேன்.

மார்ச் 14
வாராவாரம் கேள்விகள். தூக்கம்? பசி? சாகத் தோன்றுகிறதா? உண்மையைச் சொன்னேன். கேட்ட ஆராய்ச்சி டாக்டருக்கு — காந்தக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன் — முகம் சுருங்கிவிட்டது. ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்ட பிள்ளையின் முகம்.

மார்ச் 21
தாங்கவில்லை. கருணை மதிப்பெண் போட்டுவிட்டேன். "நல்லா தூங்குறேன் தம்பி. பசிக்குது. அந்த நினைப்பா? சேச்சே!" மனிதருக்கு முகமெல்லாம் பல்.

மார்ச் 22
அந்த நினைப்பு மத்தியானம் முழுக்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. 'சேச்சே' என்றால் எழுந்து போகிற விருந்தாளியா அது?

மார்ச் 28
காந்தக்காரர் நல்ல சேதி சொன்னார். "டீச்சர், தேறிட்டீங்க! உங்களுக்கு இன்னையோட முடிஞ்சுது. தேறாதவங்களுக்குத்தான் அடுத்த கட்டம். அதுல எல்லாருக்கும் நிஜக் காந்தம்."

ஆகா. என் கையாலேயே எனக்கு டி.சி. கிழித்துக்கொண்டேன்.

கதவு வரை போய்விட்டோம். என் வீட்டுக்காரர், இவர், என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. மறுபடியும் அந்தக் கட்டில் ஓரமா? முடியாதுடி — முடியவே முடியாது. திரும்பினேன்.

"தம்பி, நான் சொன்னதெல்லாம் பொய். உங்க மூஞ்சி வாடிப்போச்சு, பாஸ் போட்டுட்டேன்."

இவர் கையிலிருந்து பை விழுந்தது. காந்தக்காரர் மூடிய ஃபைலை மறுபடி திறந்தார்.

"எனக்குப் பாஸ் போட்டுட்டு நீங்க செத்துப்போயிருந்தா? நான் என்ன டீச்சர் பண்ணுவேன்? உட்காருங்க. முதல் கேள்வியிலேருந்து வருவோம். சார், இனிமே இவங்களைத் தனியா விடாதீங்க."

ஃபெயில். அமோகமாக ஃபெயில்.

ஏப்ரல் 2
நிஜக் காந்தம். தலையில் மரங்கொத்தி. வீட்டிலோ, குளியலறைக் கதவுக்கு வெளியே இவர் கனைத்துக்கொண்டு நிற்கிறார். தேர்வுக்கூடக் கண்காணிப்பு தோற்றது.

ஏப்ரல் 24
காலையில் இவர் காப்பி கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன இது, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றேன். மாதக்கணக்காக, எதை நீட்டினாலும் வாய் பேசாமல் விழுங்கிக்கொண்டிருந்தவள் நான்.

டம்ளரை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி கலக்கப் போனார்.

இரண்டாவது டம்ளரும் அதே லட்சணம்தான். கருணை மதிப்பெண் போடவில்லை.