வளைவில் நிறுத்தச் சொன்னவள்

தேனி,
7.7.2024

என் அன்புள்ள அப்பாவுக்கு,

கிளாரா எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் நம் ஜீப்பும் நலமா?

ஞாயிற்றுக்கிழமை வார்டன் சிஸ்டரின் மேசைக்கு முன்னால் நின்று போனில் பேசும்போது, ‘சாப்பிட்டீங்களா’ என்பதைத் தவிர வேறு வாக்கியமே எனக்கு வருவதில்லை. பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் நான் நன்றாகப் பேசுவேன், பாருங்கள்.

பதினோராம் வகுப்பு கஷ்டம்தான். ஆனாலும் உயிரியல் பாடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஜோதிகா டீச்சர் புத்தகத்தைப் பார்க்காமலே இதயத்தைக் கரும்பலகையில் வரைந்துவிடுகிறார். விடுதிச் சாம்பாரில் புளி அதிகம். என் படுக்கை கதவோரம். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன், காற்று வரும் என்று.

நீங்கள் கொடுத்துவிட்ட எலுமிச்சம்பழங்களைத் தினமும் பிழிந்து குடிக்கிறேன். உடம்புச் சூடு தணிந்தால் நல்லதுதானே.

இரண்டாம் சனிக்கிழமை லீவுக்கு ஊருக்கு வரவில்லை அப்பா. கோபித்துக்கொள்ளாதீர்கள். படிக்க நிறைய இருக்கிறது. பஸ்ஸிலும் கூட்டமாக இருக்கும்.

பவுனத்தையை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மே மாத லீவில் ஏலத்தோட்டத்துக்குக் களை எடுக்க நானும் உங்கள் ஜீப்பில் வந்தேனே, அப்போது தினமும் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டவர் அவர்தான்.

என்றும் உங்கள் செல்ல மகள்,
கிளாரா


சேசு மரி சூசை துணை

14.7.2024

மகள் கிளாராவுக்கு அப்பா சேவியர் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் கிடைத்தது. நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் சிரிக்காதே. நானும் சிரிக்கிற நிலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போது உன் வார்டன் சிஸ்டர் போன் போட்டார்கள். வளைவில் ஸ்டியரிங்கை விட முடியாது. எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் வண்டி நிறையத் தோட்டத்துப் பெண்கள். படிப்பு நேரத்தில் நீ திரும்பத் திரும்பக் கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாயாம். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாயாம். வயிற்றுக் கோளாறோ என்று அவர்களே கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சோதித்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதாம். அப்படியானால் செல்போன்தான், ஒளித்துவைத்து யாரோடோ பேசுகிறாள் என்றார்கள். உன் பெட்டியைக் கொட்டிப் பார்த்தும் போன் கிடைக்கவில்லையாம்.

அத்தனையும் வண்டிக்குள் கேட்டது. மலை ஏறும்வரை ஓயாமல் பேசுகிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவுனு மட்டும், “அந்தப் புள்ள அப்பிடிப்பட்டது இல்லண்ணே. போயி என்னா ஏதுன்னு கேளுங்க, கைய நீட்டிராதீக” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “மே மாசம் பூரா வளைவுக்கு வளைவு வண்டிய நிப்பாட்டச் சொன்னவ நீ. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியாத்தா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

உன் அம்மா இருந்திருந்தால் அவள் கேட்டிருப்பாள். எனக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. யார் அந்தப் பையன்? போன் யார் வாங்கிக் கொடுத்தது? உள்ளதை எழுது. இல்லையென்றால் பெட்டியைக் கட்டி வை. 21ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். படித்தது போதும்.

உன் அப்பா,
சேவியர்


தேனி,
17.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இல்லை. பையனும் இல்லை. அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

இதை எழுத மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். ஒரு பெண் தன் அப்பாவுக்கு எழுதக் கூடாததை எழுதப் போகிறேன். படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எனக்கு ஒன்றுக்குப் போகும் இடத்தில் நோய் இருக்கிறது, அப்பா. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அடிவயிற்றில், சிறுநீர்ப்பையில், கொஞ்சம் நிறைந்தாலே கத்தி வைத்து அழுத்துவதுபோல வலிக்கும். போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே வலி. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் போகவேண்டியிருக்காது என்று நினைத்துக் குடிப்பதையே குறைத்தேன். வலி கூடியது. சூடுதான் காரணம் என்று எலுமிச்சைச் சாறு குடித்தேன். இன்னும் கூடியது. வகுப்பில் எத்தனை தடவைதான் கையைத் தூக்குவது? சில பிள்ளைகள் என்னைக் ‘குழாய்’ என்று கூப்பிடுகிறார்கள். நானும் சிரித்துவிடுவேன்.

கிளினிக்கில் எடுத்த சோதனையில் கிருமி இல்லை என்று வந்தபோதுதான் எனக்கு உலகமே இருண்டது. கிருமி இருந்திருந்தால் நான் நோயாளி. இல்லாததால் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

திங்கட்கிழமை ஜோதிகா டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அன்றே பள்ளி நேரத்திலேயே அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். கல்லும் இல்லை. நான் அழுதுவிட்டேன். அப்போது அவர், “டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலன்னா உனக்கு வலியே இல்லன்னு அர்த்தமில்லம்மா. நீ சொல்றத நான் நம்புறேன்” என்றார்.

சிறுநீர்ப்பையின் உள்தோல் ரணம்போலக் கூசுகிற ஒரு நோய் இருக்கிறதாம். கிருமி இல்லாததால் கிருமி மாத்திரைக்குக் கேட்காதாம். யாருக்கும் ஒட்டாது. தப்புச் செய்ததால் வருவதும் இல்லை. அடியோடு போய்விடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வழிக்குக் கொண்டுவரலாம் என்றார். புளிப்பு, காரம், காபி, டீ ஆகியவற்றை நிறுத்திப் பார்த்து, எது ஆகவில்லை என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வலிக்கும்போது வெந்நீர் ஒத்தடம். வலி தணிந்த நாட்களில், போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக வேண்டும். பயமும் வலியைக் கூட்டுமாம். மருந்து தொடங்கும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார். எனக்கு நீங்கள் மட்டும்தானே இருக்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்துவிட்ட பழங்களும் வலியைக் கூட்டியிருக்கின்றன. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொன்று, அப்பா. மே மாதம் ஜீப்பில் வரும்போது தினமும் உயிர் போகும். உங்களிடம் நிறுத்தச் சொல்ல வாய் வராது. வேறு டிரைவராக இருந்திருந்தால்கூடக் கேட்டிருப்பேனோ என்னவோ. பவுனத்தை கேட்பார். நீங்கள் திட்டிக்கொண்டே நிறுத்துவீர்கள். துணைக்குப் போவதுபோல நானும் அவர் பின்னாலேயே இறங்கிவிடுவேன். அவர் திட்டு வாங்க, நான் தப்பித்தேன். அவருக்கும் இந்த நோய்தான் இருக்க வேண்டும். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவருக்கும் சொல்லுங்கள். பாவம், ஊறுகாயோடுதான் சாப்பிடுவார்.

பெட்டியைக் கட்டி வைக்கவா, வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்குப் படிக்க வேண்டும்.

உங்கள் மகள்,
கிளாரா


தேனி,
25.7.2024

அன்புள்ள அப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை. கேட் பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை கடிதமும் இல்லை.

அருவருப்பாக இருந்ததா? நான் எழுதியிருக்கக் கூடாதோ? சிஸ்டரிடம் நானும் ஒன்றும் சொல்லவில்லை, ஜோதிகா டீச்சரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் இன்னும் போனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சாம்பார் ஊற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். வெறும் பருப்புச் சோறுதான். வலி கொஞ்சம் குறைவாக இருப்பதுபோல இருக்கிறது. இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

கிளாரா


சே. ம. சூ.

4.8.2024

என் தங்க மகள் கிளாராவுக்கு,

அருவருப்பு இல்லை தாயி. அந்தச் சொல்லை இனிமேல் எழுதாதே.

நான் 21ஆம் தேதி வந்தேன். கேட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கிறதல்லவா, அங்கே நின்றேன். நீ பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாய். இடையில் ஒருமுறை எழுந்து உள்ளே ஓடிப்போய், பிறகு வந்து உட்கார்ந்தாய். அதைப் பார்த்ததும் என்னால் ரோட்டைத் தாண்டி வர முடியவில்லை. பிள்ளைக்கு நோவு என்று தெரியாமல் பையன் யார் என்று கேட்டவன், எந்த முகத்தோடு வருவேன்? சிஸ்டரிடம் எந்த வார்த்தையைச் சொல்லி அதைப் பேசுவேன்? குடித்த டீயோடு பஸ் ஏறிவிட்டேன். போனில் கூப்பிட்டாலும் அத்தனை பேருக்கு நடுவில் என்ன பேசுவது?

நேரே வரத் தைரியமில்லாமல், நீ சொன்ன மற்ற வேலையை முதலில் செய்யலாம் என்று பார்த்தேன். தோட்டத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு பவுனைத் தனியாகக் கூப்பிட்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டே, ஊறுகாயை விட்டுவிடு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி என்றெல்லாம் நீ எழுதியபடி ஒப்பித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எனக்கு ஒரு நோவும் இல்லண்ணே. ஒங்க மகதான் மொகம் வெளுத்து, காலு ரெண்டையும் இறுக்கிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. வயசுப் புள்ள அப்பன்கிட்ட எப்பிடிக் கேக்கும்? அதான் நான் கேட்டேன்.”

அதன் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ விடுதிக்குப் போன பிறகு பவுனு ஒருநாள்கூட வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை. தினமும் ஓட்டுகிற எனக்கு அது தெரியவில்லை, பார். அவளை எத்தனை பேருக்கு முன்னால் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். “வண்டிய எடுங்க, கங்காணி பாக்குறாக” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மெட்டு ஏறும் முன், வண்டியை ஓரம் கட்டி, அதே ஸ்பீக்கரில் சிஸ்டருக்குப் போன் போட்டேன். அத்தனை பெண்களும் கேட்கட்டும் என்றுதான். “என் மக மேல தப்பு இல்ல சிஸ்டர். போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் அவளை விசாரிக்காம விட்டுட்டேன்” என்றேன். என்ன நோய் என்று வண்டியில் சொல்லவில்லை. இறங்கித் தள்ளிப்போய், டாக்டரம்மா சொன்னதைச் சிஸ்டருக்கு மட்டும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர்கள், படிப்பு நேரத்தில் இனி நீ யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம் என்றார்கள். மற்ற யாரிடமாவது சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

இப்போது மலை ஏறும்போது பாதி வழியில், புதர் மறைவு இருக்கிற வளைவில், நானே நிறுத்துகிறேன். இறங்கி வண்டிக்கு முன்னால் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றுகொள்கிறேன். முதல் நாள் வெட்கப்பட்டு யாரும் இறங்கவில்லை. மறுநாள் பவுனு இறங்கினாள். அவள் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். அத்தனை பேரும் அடக்கிக்கொண்டுதான் இத்தனை வருஷம் வந்திருக்கிறார்கள் போல. இப்போது சிலர் தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை காலையில் வருகிறேன். பவுனும் வருகிறாள். டாக்டர் அறைக்குள் உன்னோடு அவள் வரட்டுமா, நான் வரட்டுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழம் கொண்டுவரமாட்டேன். சந்தையில் பேரிக்காய் வந்திருக்கிறது. அது உனக்கு ஆகுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்வோம்.

அதன் பிறகு ஜீப்பிலேயே ஊருக்கு வந்துவிடலாம். நீ முன்சீட்டில் உட்கார். வழியில் நான் கேட்பேன். நீ தலையை ஆட்டினால் போதும்.

உன் அப்பா,
சேவியர்