பெயர் வைக்காத வெள்ளைப் பூ

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முட்டிவலி தேவலையா?

ஊட்டி நர்சரியில் ஃப்ளாக்ஸ் என்ற பூச்செடியில் புது வெள்ளை ரகம் உண்டாக்குகிறோம், இன்னும் பேர் வைக்கவில்லை. வேண்டாத மகரந்தம் சேராமலிருக்க, மகரந்தம் ஒட்டியிருக்கும் பூவிதழை உருவிவிட்டு, தேனீ புகாத வலைக்கூண்டுக்குள்தான் கலப்பு செய்வோம். உருவிய இதழ்கள் அம்புட்டு வாசனை! வீணாகிறதே என்று தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். கூண்டுக்குள் நுழைந்தால், பின்னாலேயே தேனீக்களும் வந்துவிட்டன.

"ஏம்மா முத்துமீனா, எந்த மகரந்தத்துக்குப் பயந்து கூண்டு கட்டினோமோ, அதைத் தலையில சுமந்துக்கிட்டு வர்றியே! மதுரையா நீ?" என்றார் மேனேஜர்.

"சமயநல்லூர், மேடம்."

அன்றைய கலப்பு வீண். வேலை போகவில்லை, ஒரு வாரம் களையெடுக்கிறேன்.

தபால் பை கட்டுகிறார்கள்.

முத்துமீனா

பி.கு: சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு கொத்து கொண்டுவருவேன். அப்பா போனதிலிருந்து நீ பூ வைப்பதில்லை. பேரே இல்லாத பூவை யார் வைக்கக்கூடாதென்று ஊரில் ஒருத்தரும் சட்டம் போடவில்லை. வைத்துக்கொள்வாயா அம்மா?